புத்தகத்தை மூடிவிட்டு எழுதியது

ஜூன் 4
டீச்சரம்மாவுக்கு,
நலம். நீ கோபித்துக்கொண்டு உன் அக்கா வீட்டுக்குப் போய் எட்டு மாதமாகிறது. அங்கே பள்ளியில் உன் வேலையை நிரந்தரமாக்கப் போகிறார்களாமே, முப்பதாம் தேதி கையெழுத்தாமே! அக்கா சொல்லித்தான் தெரிந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டால் நீ திரும்பி வர மாட்டாய், அதுவும் தெரிகிறது.

முழுப்பரீட்சையில் என் வகுப்பில் யாரும் தொண்ணூறுக்குக் குறையவில்லை என்று ஊரெல்லாம் மார்தட்டினேன். லீவு முடிந்ததும் அதே கேள்வித்தாளைக் கொடுத்தேன். அத்தனை பேரும் திருதிருவென்று முழிக்கிறார்கள். "ஒளிச்சேர்க்கையா? அது எப்ப சார் நடத்துனீங்க?" என்கிறாள் முதல் ரேங்க் வாங்கியவள்! இங்கே நீ பாடம் நடத்திய பிள்ளைகளோ இன்றைக்கும் கடகடவென்று சொல்கிறார்கள். என்னதான் செய்தாய்?
வாத்தியார்

ஜூன் 11
வாத்தியாருக்கு,
என்னிடமா கேட்கிறீர்கள்? அதிசயம்தான்.

திங்கட்கிழமைதோறும் புத்தகத்தை மூடச் சொல்லி வெள்ளைத்தாள் கொடுப்பேன். முன்பு படித்ததில் ஞாபகம் இருப்பதை எழுத வேண்டும். முட்டி மோதுவார்கள். உடனே சொல்லிக்கொடுத்துவிடக் கூடாது, அந்தத் திணறலில்தான் பாடம் மனசில் உட்காரும். அப்புறம் தப்பைத் திருத்துவேன். கொஞ்சம் மறந்தபின் மறுபடி கேட்பேன். அவ்வளவுதான்.

நான் ஏன் கிளம்பி வந்தேன்? உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? நான் சொல்லித்தர மாட்டேன்.
டீச்சர்

ஜூன் 18
டீச்சரம்மாவுக்கு,
வெள்ளைத்தாளும் நானும் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். முதலில் "என் குறட்டை" என்று எழுதினேன். அப்புறம் அடித்துவிட்டேன். அந்தத் தாளில் எழுதியதுதான் கீழே இருப்பது.

ஆசிரியர் அறை. ஜன்னலோரம் நீ தாள்கட்டோடு நின்றாய். "இவளுக்குப் பாடம் நடத்த வராது. பேப்பரைக் கொடுத்துட்டு மணியடிக்கிறவரை ஓட்டுவா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். விளையாட்டாக எடுத்துக்கொண்டாய் என்று நினைத்து, வீடு வருவதற்குள் மறந்தும் போனேன். என் புத்தி எங்கே போச்சு! மன்னித்துவிடு.
வாத்தியார்

ஜூன் 25
வாத்தியாருக்கு,
உங்கள் தாளைத் திருத்தி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். குறட்டைக்கு அரை மார்க். ஆசிரியர் அறை சரி. ஆனால் நான் சிரிக்கவில்லை. வெளியே போய் பாத்ரூமில் அழுதேன். உங்கள் ஞாபகம் உங்களுக்குச் சௌகரியமாக என்னைச் சிரிக்க வைத்திருக்கிறது. அந்த வரியைச் சிவப்பு மையில் அடித்திருக்கிறேன்.

எட்டு மாதமாக இதை நான் ஒருத்தி மட்டுமே சுமந்தேன். ஆத்திரமாக வருகிறது.

ஒரு தடவை எழுதினால் போதாது. ஒரு மாதம் கழித்து, எதையும் பார்க்காமல் மறுபடி எழுதுங்கள். கையெழுத்துக்கு அதுவரை அவகாசம் கேட்டிருக்கிறேன்.
டீச்சர்

ஜூலை 25
டீச்சரம்மாவுக்கு,
உன் கடிதங்கள் அலமாரியில் இருக்கின்றன. பார்க்கவில்லை.

நான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. உன் கையிலிருந்த தாள்கட்டு நழுவி, தாளெல்லாம் தரையில் சிதறியது. நீ ஒருத்தியே குனிந்து பொறுக்கினாய். ஒரு தாள் என் காலடியில் கிடந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம். ஆனால் அந்தத் தாள் விஷயம் நீ எழுதியதில் இல்லை. எனக்கே ஞாபகம் வந்தது.
வாத்தியார்