செல்வி சொல்லிக்கொடுத்த பஸ் இங்கிலீஷ்

என் அருமைச் செல்விக்கு,

நேற்று இங்கே பஸ்ஸில் ஒரு வெள்ளைக்காரப் பெண் என்னிடம் வழி கேட்டாள். எந்த ஸ்டாப்பில் இறங்கி எந்த பஸ் மாற வேண்டும் என்று தடுமாறாமல் இங்கிலீஷில் சொன்னேன். அவள் நன்றி சொல்லி இறங்கிப்போன பிறகு என்னால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. அத்தனையும் உன் வார்த்தைகள்.

இங்கிலாந்துக்கு நர்ஸ் எடுக்கிறார்கள் என்று காரைக்காலில் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தோமே, நினைவிருக்கிறதா? எனக்கு வேலை தெரியும், பேச வராது. உனக்கு இரண்டும் வரும். கோட்டுச்சேரியில் பஸ் ஏறியதுமே கண்டக்டரிடம் இங்கிலாந்துக்காரர்கள் ஒருவழி டிக்கெட் கேட்கிற மாதிரி ஆரம்பித்துவிடுவாய்: "எ சிங்கிள் டு காரைக்கால், ப்ளீஸ்."

"சிங்கிளோ டபுளோ, உள்ள தள்ளி நில்லும்மா" என்பார் அவர். பஸ்ஸே சிரிக்கும். நீயும் சேர்ந்து சிரிப்பாய். நான்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். பஸ்ஸை விட்டு இறங்குவதை நான் தப்பாகச் சொன்னால், "கெட் டவுன் இல்லடி, கெட் ஆஃப்" என்று நீ என் தொடையில் தட்டித் திருத்துவாய்.

நேர்முகத் தேர்வில் உன்னை எடுத்தார்கள். யாராவது விலகினால் பார்க்கலாம் என்று என்னை நிறுத்தி வைத்தார்கள். பயணத்துக்கான மருத்துவப் பரிசோதனையில்தான் உன் கிட்னி கெட்டுப்போயிருப்பது தெரிந்தது. உன் இடம் எனக்கு வந்தது.

அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம், செல்வி. ஒரு மூச்சு விடும் நேரம்தான். ஆனாலும் அதுதான் முதலில் வந்தது. நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். கண்டுகொண்டாயா?

அதற்குப் பிறகும் வீங்கிய காலோடு என்னுடன் பஸ் ஏறினாய். வீட்டில் படுத்துக்கொள்ளேன் என்றேன்.

"நீ அங்க போயி திருதிருன்னு முழிச்சா எனக்குத்தாண்டி அசிங்கம். சொல்லு, இந்த பஸ் ஆஸ்பத்திரிக்குப் போவுமான்னு எப்படிக் கேப்ப?"

நான் கேட்டுக் காட்டினேன். படுத்துக்கொள் என்று இன்னொரு முறை சொல்லவில்லை. எனக்கு அந்தப் பாடம் வேண்டியிருந்தது.

பயணத் தேதி வந்தபோது நீ பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் இருந்தாய். தள்ளிப்போடுகிறேன் என்றேன். "நீயும் போவலன்னா ரெண்டு பேருக்குமே இல்லாமப் போயிடும்டி. கெளம்பு" என்றாய். கிளம்பிவிட்டேன். நான் இன்னும் கொஞ்சம் அடம்பிடித்திருக்க வேண்டாமா?

முதல் சம்பளம் வாங்குவதற்குள் நீ போய்விட்டாய். ஃபோனில் உன் அம்மா, "அங்க ரொம்பக் குளுராமே, ஸ்வெட்டர் போட்டுக்கிறியாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் உன்னைப் பற்றிச் சொன்னார்கள்.

இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. நம் வகுப்பில் சொல்லித்தரவில்லை. இறங்கும்போது எல்லோரும் டிரைவருக்கு நன்றி சொல்கிறார்கள். நீயாக இருந்தால் டிரைவரின் பெயரையே கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பாய். நான் மெதுவாகத்தான் சொல்கிறேன். இரவல் குரலில் பேசுவது போலவே இருக்கிறது.

அடுத்த மாதம் லீவில் வருகிறேன். நேராக உங்கள் வீட்டுக்குத்தான். அந்த ஒரு மூச்சு சந்தோஷத்தை உன் அம்மாவிடம் சொல்லிவிடப்போகிறேன். திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் வாசலில் கால் வைத்ததுமே சொல்லிவிட வேண்டும். சாப்பிட்டியாம்மா என்று அவர்கள் கேட்டுவிட்டால் எனக்கு வாய் வராது. அதற்கு முன்னால் சொல்லிவிடுவேன், செல்வி. இது சத்தியம்.

உன்னோடு பிறக்காத தங்கச்சி,
சுமதி