நாலு பேரிடம் விசாரித்த பிறகு

ஜூலை 4

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். எந்த அக்கா என்று யோசிக்காதே. உனக்கும் எனக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர் வைத்து ஏழு வருடம் குடியிருந்த அக்காதான்.

போன மாதம் என் கொழுந்தன் மூக்குக்கண்ணாடி மாற்ற ஒரு கடைக்குப் போயிருக்கிறான். வந்ததும் வராததுமாக, "அண்ணி, நம்ம கராத்தே மாஸ்டர் வீட்டுக்காரம்மா அங்கதான் வேலை பாக்கறாங்க. பாதியா இளைச்சிட்டாங்க" என்றான். பில்லில் இருந்த விலாசத்துக்கே எழுதுகிறேன். கடைக்குப் போன் போட்டுப் பேசியிருக்கலாம். ஆனால் இந்த வீட்டுச் சுவர் மெலிது. இங்கே தும்மினால் அங்கே 'நூறு' என்பார்கள். உனக்குத் தெரியாததா?

விஷயத்துக்கு வருகிறேன். என் சின்னவளுக்கு ஒன்பது முடிந்துவிட்டது. பள்ளி வேனில் இரண்டு பெண்கள் தினமும் அவளைக் கிள்ளி வைக்கிறார்கள். இவள் வாயில்லாப் பூச்சி, கிள்ளின இடத்தைத் தடவிக்கொண்டு வந்து நிற்கிறாள். என் வீட்டுக்காரர், "மாஸ்டர்கிட்ட சேத்துடலாம். பக்கத்து வீடு. கொண்டுபோய் விடற வேலையும் மிச்சம்" என்கிறார். கத்தரிக்காயையே காம்பு கிள்ளிப் பார்த்து வாங்குகிறவள் நான். பெண்ணை விடும் இடத்தை விசாரிக்காமல் விடுவேனா?

நீ அவரோடு குடும்பம் நடத்தியவள். மொட்டைமாடி வகுப்பில் பாய் துடைத்தவள், பிள்ளைகளின் வருகைப் பதிவு எழுதியவள். வகுப்பு எப்படி, மாஸ்டர் எப்படி, ஒளிக்காமல் எழுது.

உன் மகள் என்னைவிட உயரமாகிவிட்டாள். மற்றதை நீ பதில் போட்டால் எழுதுகிறேன்.

பாசத்தோடு,
பக்கத்து வீட்டு அக்கா

ஜூலை 15

அன்புள்ள அக்காவுக்கு,

கடையில் எல்லோருக்கும் முன்னால் உங்கள் கடிதத்தைப் பிரித்துவிட்டு, மேலே படிக்க முடியாமல் லென்ஸ் துடைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். உங்களைவிட உயரமா? உங்கள் உயரத்தை உத்தேசமாகச் சுவரில் கைவைத்துப் பார்த்தேன். அதற்கும் மேலே என்றால், என் உயரமே வந்துவிட்டாள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: அவர் நன்றாகக் கற்றுக்கொடுப்பார். அடி, உதை, தடுப்பு எல்லாம் சுத்தமாக வரும். கோப்பைகள் வாங்கியிருக்கிறார். இதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள் அக்கா. மாதத்தின் முதல் ஞாயிறன்று அவர் போனில் மகளோடு பேச விடுகிறார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்பார். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." "படிக்கறியா?" "படிக்கறேன்." அவ்வளவுதான். நான் ஒரு வார்த்தை சொன்னதாக அவர் காதில் விழுந்தால் அதுவும் போய்விடும்.

அவளைப் பற்றி எழுதுங்கள். இன்னும் குப்புறப் படுத்துத்தான் தூங்குகிறாளா? தலை யார் வாரிவிடுகிறார்கள்? பெரியவளாகிவிட்டாளா? ஆகியிருந்தால், யார் பக்கத்தில் இருந்தார்கள்?

உங்கள் தங்கை

ஆகஸ்ட் 2

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் உப்புச் சப்பில்லாமல் இருந்தது. பரவாயில்லை. பயந்த சுபாவம், உன்னைச் சொல்லிக் குற்றமில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. நாலு இடத்தில் விசாரித்தேன். தெருமுனை மருந்துக் கடைக்காரர், "அந்த மாஸ்டர் நல்லா இருக்கணும்மா. அவர் பசங்களாலதான் என் கடையில பேண்டேஜும் வலி மருந்தும் ஓடுது" என்று சிரித்தார். விளையாட்டாகச் சொன்னாரா, வினையாகச் சொன்னாரா தெரியவில்லை. மாடிப்படியில் பிள்ளைக்காகக் காத்திருந்த ஒரு அம்மாவைப் பிடித்தேன். "எங்க பையன் முன்னாடியெல்லாம் எதுக்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுவான். இங்க சேந்ததுலேருந்து வாயே திறக்கறதில்ல" என்றாள். எனக்கு அது பிடித்திருந்தது. பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியார் மட்டும், "வேற இடம் கிடைக்கலையா?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டினார். தொழில் பொறாமையாக இருக்கும். ஆனாலும் மனசு ஒரு பக்கம் உறுத்துகிறது.

அதனால்தான் உன்னைத் திரும்பவும் கேட்கிறேன். நீ எழுதுவதைப் படித்த கையோடு அடுப்பில் போட்டுவிடுவேன். சின்னவள் தலைமேல் சத்தியம். அன்றைக்குக் கோர்ட்டில் நான் சொன்னதை மனசில் வைத்துக்கொண்டு பழி தீர்க்காதே. வக்கீல், "அடிதடிச் சத்தம் ஏதாவது கேட்டிருக்கிறீர்களா?" என்றார். இல்லை என்றேன். வேறு என்ன சொல்ல? நாளைக்கும் அதே படியில்தானே நான் ஏறி இறங்க வேண்டும்? குழந்தை அப்பாவிடம் போகும் என்று நான் கண்டேனா?

உன் மகள் பெரியவளாகி ஒரு வருடம் ஆகிறது. அன்றைக்கு என் வீட்டுக் கதவைத்தான் தட்டினாள். நான்தான் எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். "அம்மாவுக்குச் சொல்லணும் பெரியம்மா" என்று அழுதாள். "வேண்டாம்னு விட்டுட்டுப் போனவளுக்கு எதுக்கு?" என்று சமாதானம் செய்தேன். மாஸ்டர் அவளிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார். அடுத்த வீட்டு விஷயத்தில் நான் எதற்கு மறுத்துப் பேச வேண்டும்? தலைமுடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள், வாருகிற வேலை இல்லை.

நீ மனம்விட்டு எழுதினால் அவளுடைய புகைப்படம் ஒன்று அனுப்புகிறேன். என் செல்லில் நிறைய இருக்கிறது.

பாசத்தோடு,
அக்கா

ஆகஸ்ட் 20

அக்காவுக்கு,

பத்து நாளாக எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து இதை எழுதுகிறேன். புகைப்படத்துக்காக எழுதுகிறேன் என்று நினைத்தாலும் சரி. கிள்ளின இடத்தைத் தடவிக்கொண்டு நிற்கும் உங்கள் சின்னவள் கண்ணிலேயே நிற்கிறாள். அந்த மாதிரிப் பிள்ளையைத்தான் அவர் முதலில் பார்ப்பார்.

புதிதாக வருகிற கூட்டத்தில் அவருக்கு ஒரு பிள்ளை வேண்டும். பயந்த பிள்ளையாக இருக்க வேண்டும். அதை நடுவில் நிறுத்திக் கால்களை அகட்டி உட்காருகிற மாதிரி நிற்க வைப்பார். தொடை நடுங்கி அது விழுகிற வரைக்கும் மற்றவர்கள் சுற்றி நின்று பார்க்க வேண்டும். விழுந்ததும் சிரிக்க வேண்டும். சிரிக்காதவன் அடுத்து நடுவில் வந்து நிற்பான். ஒரே வாரத்தில் எல்லாப் பிள்ளைகளும் நன்றாகச் சிரிக்கப் பழகிவிடுவார்கள். கண்ணாடி போட்ட ஒரு பையன் மட்டும் சிரிக்கவே இல்லை. அவனுக்குக் காதில் ஒரு அறை. சவ்வு கிழிந்துவிட்டது. குளியலறையில் விழுந்ததாக வீட்டில் சொல்லச் சொன்னார், அவனும் அப்படியே சொன்னான்.

வீட்டிலும் அவர் கோபத்தில் அடித்ததில்லை. கோபப்பட்டிருந்தால் யாராவது நம்பியிருப்பார்கள். "நிமிர்ந்து நில்லு" என்பார். "மூச்சை இழு" என்பார். எங்கே அடிக்கப் போகிறார் என்று முதலிலேயே சொல்லுவார். தடம் விழாத இடமெல்லாம் அவருக்கு மனப்பாடம். நான் கத்தினால் இன்னொன்று விழும். முதல் இரண்டு வருடம் கத்தினேன் அக்கா. அது உங்களுக்குக் கேட்டிருக்கும். சுவர் மெலிது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்.

பழி தீர்க்கவில்லை. உங்கள் மேல் எனக்கு இப்போது கோபம்கூட வரவில்லை, சோர்வுதான் வருகிறது. ஒன்றே ஒன்று. என் மகளை வேண்டாம் என்று நான் விட்டுவிட்டுப் போகவில்லை. படி இறங்கும்போது அவள் கையைப் பிடித்திருந்தேன். அவர்தான் என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அவளிடம் இதை நீங்கள் சொல்ல வேண்டாம். உங்களுக்காவது தெரிந்திருக்கட்டும்.

சின்னவளைச் சேர்க்காதீர்கள். இதை எரித்துவிடுங்கள்.

தங்கை

செப்டம்பர் 6

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். "ஒரு பக்கத்த மட்டும் கேட்டுட்டு முடிவு பண்றது நியாயமா? அந்த மனுஷனையும் ஒரு வார்த்தை கேட்டுடலாம்" என்றார். அதுவும் சரிதானே? தராசு என்றால் இரண்டு தட்டு வேண்டாமா?

மாலை வகுப்பு முடிகிற நேரமாகப் பார்த்து மொட்டைமாடிக்குப் போனோம். சண்டைக்கு வருவாரோ என்று எனக்கு உள்ளூரப் பயம். மனிதர் முகம்கூடச் சுளிக்கவில்லை. நாற்காலி போடச் சொன்னார், டீ வரவழைத்தார். மூன்று பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். பிறகு உன் மகளைக் கூப்பிட்டார். அவள்தான் இப்போது சின்னப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று சொல்லிக்கொடுக்கிறாள்.

"உங்க அம்மா எழுதியிருக்காங்க. சத்தமா படி. எல்லாருக்கும் கேக்கணும்" என்றார்.

பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். உன் மகள் முதுகை நிமிர்த்திக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள். என்ன உச்சரிப்பு! எங்கேயும் திக்கவில்லை, திணறவில்லை. நீ இருந்து கேட்டிருக்க வேண்டும்.

முடித்ததும் மாஸ்டர், "இதுல எழுதியிருக்கறது உண்மையா?" என்று கேட்டார்.

"இல்ல மாஸ்டர்" என்றாள். பெற்ற அப்பாவையே மாஸ்டர் என்று கூப்பிடுகிறாள், அவ்வளவு ஒழுக்கம். பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு அங்கேயே மனசு தெளிந்துவிட்டது. பெற்ற பெண்ணே இல்லை என்ற பிறகு யாரை நம்புவது, நீயே சொல். சின்னவளை மறுநாளே சேர்த்துவிட்டோம். உன்மேல் அவருக்குத் துளியும் வருத்தமில்லை. "உடம்பு சரியில்லாதவங்க, பாவம்" என்றுதான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைப் போன் மட்டும் இனி வேண்டாமாம். பிள்ளையின் மனசு கலங்குகிறதாம். அதைச் சொல்லிவிடச் சொன்னார், சொல்லிவிட்டேன்.

எரிக்கிறேன் என்று சொன்ன கடிதம் இப்போது அவரிடம் இருக்கிறது. என்னிடம் இருந்தால் என்ன, அவரிடம் இருந்தால் என்ன? நீ தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டாய் என்று தெரியும்.

பாசத்தோடு,
அக்கா

செப்டம்பர் 13

அக்கா,

உங்களைத் திட்டுவதற்காக எழுதவில்லை. எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். படிக்கும்போது எங்கேயாவது நிறுத்தினாளா? ஒரு வரியிலாவது? முகம் எப்படி இருந்தது? அதை மட்டும் எழுதுங்கள். அதற்குப் பிறகு உங்களைத் தொந்தரவு செய்யமாட்டேன்.

செப்டம்பர் 28

அன்புத் தங்கைக்கு,

உடனே பதில் போட முடியவில்லை. சின்னவளின் பள்ளியிலிருந்து கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். வேனில் கிள்ளுவார்களே, அவர்களில் ஒருத்தியின் சுண்டுவிரலை இவள் மடக்கிவிட்டாளாம். எலும்பு விட்டுப்போச்சு. அந்தப் பெண் அழ அழ இவள் சிரித்துக்கொண்டிருந்தாள் என்று டீச்சர் குறைபட்டுக்கொண்டாள். என் வீட்டுக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. சேர்ந்து ஒரு மாதம்கூட முழுசாக ஆகவில்லை, பார்த்தாயா?

நீ கேட்டதற்கு வருகிறேன். யோசித்துப் பார்த்ததில் ஞாபகம் வந்தது. நிறுத்தவில்லை. ஆனால் அந்த விரல் பிரித்த வரி இருக்கிறதே, அதை மட்டும் இரண்டு தடவை படித்தாள். முதல் தடவை படித்துவிட்டு, "பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேட்டிருக்காது மாஸ்டர்" என்று சொல்லி இன்னொரு தடவை படித்தாள். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. முகம் எப்போதும் இருக்கிற மாதிரிதான் இருந்தது. கல்லு மாதிரி.

ஒரு விஷயம் சொல்லாமல் விட்டால் எனக்கு மனசு ஆறாது. போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், மாஸ்டர் வெளியே போயிருந்த நேரம், உன் மகள் என் வாசலில் வந்து நின்றாள். "பெரியம்மா, அந்த லெட்டர் வந்த கவர் இருக்கா? ஸ்டாம்ப் சேக்கறேன்" என்றாள். கண்ணைப் பார்க்காமல் கேட்டாள். கை மட்டும் நீண்டிருந்தது, உன் கைதான், அதே நீள விரல். ஸ்டாம்ப் சேர்க்கிற பெண்ணா அவள்? எனக்குத் தெரியாதா? கவரின் பின்னால் நீ கடை விலாசம் எழுதியிருந்தாயே.

"தேடிப் பாக்கறேன், போ" என்று அனுப்பிவிட்டேன். சாயங்காலம் மாஸ்டர் வந்ததும் கவரை அவர் கையிலேயே கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். பெண்பிள்ளை அப்பாவுக்குத் தெரியாமல் ஒன்று செய்யலாமா? நாளைக்கு ஏதாவது ஆனால் என் பெயரல்லவா கெடும்? அவர் கவரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தக் கடையா? அந்தப் பக்கம் ஒரு தடவை போகணும்" என்றார். ரொம்ப மரியாதையாக நன்றி சொன்னார்.

மறுநாளிலிருந்து உன் மகள் மாடிக்கு வரவில்லை. பள்ளிக்கும் போகவில்லை. காய்ச்சல் என்றார் மாஸ்டர். நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. சின்னவள்தான் இப்போது அவள் இடத்தில் நிற்கிறாள்.

புகைப்படம் அனுப்புகிறேன் என்றிருந்தேன். இந்த நிலைமையில் அது முறையில்லை, நீயே ஒப்புக்கொள்வாய். உடம்பைப் பார்த்துக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு. இளைத்துப்போனாய் என்று கொழுந்தன் சொன்னதிலிருந்து எனக்கு உன் நினைப்புதான்.

என்றும் மாறாத பாசத்தோடு,
உன் அக்கா