அம்மா ஆஃப்லைன்

அன்பு மகள் மாரிச்செல்விக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் சுகம், போன மாதம் பிடித்த இருமலும் விட்டுவிட்டது. அங்கே நீயும் உன் அறைத்தோழியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், ஜப்பானில் குளிர் தொடங்கிவிட்டது என்றாயே, காதை மூடிக்கொண்டு நடக்கிறாயா. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் நான் சொல்ல நினைப்பதில் பாதியை விழுங்கிவிடுவேன் என்பது உனக்குத் தெரியும். நம் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் என்று எனக்குப் பெயர், ஆனால் ஒரு கடையில் நின்று இது வேண்டாம், வேறு காட்டுங்கள் என்று சொல்ல இன்றும் எனக்கு நாக்கு எழாது. எழுதினால்தான் வரும், அதனால் பொறுமையாகப் படி.

நீ ஹாஸ்டலில் வைத்திருந்து எனக்கு விட்டுப்போன கெட்டில் ஆடி மாதம் கருகிய வாடையோடு நின்றுபோனதும், உன் கூட்டாளி இம்மானுவேலிடம் கேட்டு நல்லதாக வாங்கு என்றாயே, அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை உன்னிடம் முழுதாகச் சொல்லவே இல்லை. பழைய கெட்டிலைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு அவன் அப்பாவின் பேண்டேஜ் துணிக் கடை மாடிக்குப் போனேன். நீ அவர்களோடு உட்கார்ந்து கம்ப்யூட்டர் பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய அறை அப்படியேதான் இருக்கிறது, பாதி கழற்றிய பெட்டிகள், வயர்கள், உள்ளே சிவப்பும் நீலமுமாகப் பொங்கல் பந்தல் போல லைட்டுகள். இம்மானுவேல், விக்னேஷ்வரன், விஜி மூன்று பேரும் இருந்தார்கள். டீ போட ஒரு கெட்டில் வேண்டும் என்று மட்டும்தான் சொன்னேன். "எம்மா, கெட்டிலுன்னா சும்மாவா, எத்தன வாட்டு, எம்புட்டு நேரத்துல பூட் ஆகுதுன்னு பாக்கணும்லா" என்று இம்மானுவேல் ஆரம்பித்தான். பூட் ஆவது என்றால் கொதிப்பதாம். விக்னேஷ்வரன் பழைய கெட்டிலுக்குள் டார்ச் அடித்து, அடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததைச் சுரண்டிப் பார்த்து, பெரிய டாக்டர் போல முகத்தை வைத்துக்கொண்டு, "ஹார்டுவேர்ல குத்தமில்லம்மா, ஹார்ட் வாட்டர்தான் கொன்னுருக்கு" என்றான். "நாங்க அம்புட்டுப் பேரும் கம்ப்யூட்டர் சூட்டக் கொறைக்கத்தான் துட்டக் கொட்டுதோம், சூடாக்கணும்னு படியேறி வந்த மொத ஆளு நீங்கதான்" என்றான் இம்மானுவேல். அதற்கு விஜி, "அவன் கம்ப்யூட்டர் மேல ஒரு சட்டிய வைங்கம்மா, பாலே பொங்கிரும்" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அதோடு விட்டார்களா. ஆளுக்கொரு கெட்டில் வீட்டிலிருந்து கொண்டுவந்து வரிசையாக வைத்து, ஒரே அளவு தண்ணீர் ஊற்றிப் பந்தயம் விட்டார்கள். விக்னேஷ்வரன் கொண்டுவந்தது கண்ணாடிக் கெட்டில், கொதிக்கும்போது நீல வெளிச்சம் வரும். அதைப் பார்த்து இம்மானுவேலின் கண் அகன்றுவிட்டது. "லைட்டு எரிஞ்சா வேகமா கொதிக்குமாக்கும்" என்று விஜி குத்தினாள், "பின்ன, கொதிக்காம?" என்றான் அவன் கொஞ்சமும் சிரிக்காமல். கொதிக்கவைத்துக் கொதிக்கவைத்து ஜன்னல் வழியாக ஊற்றினார்களே தவிர டீத்தூள் வாங்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நான்தான் இறங்கிப் போய்த் தூளும் சீனியும் பால் பாக்கெட்டும் வாங்கிவந்தேன். பாலைப் பார்த்ததும் மூன்று பேரும் பாம்பைப் பார்த்தது போல எழுந்துவிட்டார்கள், கெட்டிலில் பால் ஊற்றினால் வாரண்டி போய்விடுமாம். பால் இல்லாத டீயையே குடித்தோம். கடைசியில் இம்மானுவேல், "எத்தன யூசரும்மா?" என்று கேட்டான். எனக்கு விளங்கவில்லை. வீட்டில் எத்தனை பேர் குடிப்பார்கள் என்று விஜி விளக்கினாள். ஒருத்தி என்றேன். "அப்ப சிங்கிள் யூசரு, அரை லிட்டரு தாராளம்" என்று சொல்லிவிட்டு அவர்கள் பேச்சு வாட்டுக்குப் போய்விட்டது. பிள்ளைகள் வித்தியாசமாக எதுவும் சொல்லவில்லை, எனக்குத்தான் குனிந்து டம்ளர்களைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் வக்கீல் ஆபீசில் டைப் வேலை முடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்குப் போனேன். அரை லிட்டர் கேட்டேன். கடைக்காரர், "பெருசா எடுங்கக்கா, நாலு பேரு வந்தா போனா வேணும்லா" என்று பெரியதை எடுத்து மேசையில் வைத்தார். யாரும் வருவதில்லை என்று ஒரு கடையில் நின்று எப்படிச் சொல்வது. தலையாட்டிவிட்டு வாங்கிவந்துவிட்டேன். ஒன்றரை லிட்டர், அடியில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் குறைந்தபட்சக் கோட்டைக்கூடத் தொடாது. வேண்டாத தண்ணீரையும் சேர்த்துத்தான் தினமும் கொதிக்கவைக்கிறேன். சரியாகக் கேட்டு வாங்கவில்லையா என்று நீ கேட்டபோது ஆஃபரில் கிடைத்தது என்றேன், அது பொய்.

அதன் பிறகுதான் நீ சொல்லி இம்மானுவேல் அந்தப் பிளக்கைக் கொண்டுவந்து மாட்டினான். கெட்டில் கரண்டு இழுத்தால் உன் போனில் மணி அடிக்கும், அம்மா எழுந்துவிட்டாள், டீ போட்டுவிட்டாள் என்று நீ நிம்மதியாக இருக்கலாம் என்றான். அதற்கு அம்மா என்றே பெயர் வைத்தான். எனக்கும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது, மகள் அவ்வளவு தூரத்திலிருந்து என்னைப் பார்த்துக்கொள்கிறாள் என்று பக்கத்து வீட்டுச் செல்லக்கனி மதினியிடம் சொன்னேன். ஆனால் செல்வி, அதற்கு முன்னால் நீ ஸ்டேஷனில் இறங்கி ஆபீசுக்கு நடக்கும்போது தினமும் கூப்பிடுவாய். எடுத்ததும் "டீ குடிச்சியாம்மா?" என்பாய். பெரிதாக ஒன்றும் பேசமாட்டோம், குடித்தேன், நீ குடித்தாயா, என்ன குழம்பு, அவ்வளவுதான். பின்னால் ரோடு கடக்கிற சிக்னல் குயில் போலக் கூவும், அது கூவினால் ஆபீஸ் வந்துவிட்டது, வைத்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். பிளக் வந்த பிறகு முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது, அப்புறம் ஞாயிறு மட்டும் ஆனது. உன்னைக் குறை சொல்லவில்லை. கேட்பதற்கு முன்னாலேயே பதில் வந்துவிட்டால் யார்தான் கேட்பார்கள். சில நாள் டீ வேண்டாதபோதும் சுவிட்சைப் போட்டிருக்கிறேன், இப்போது அவள் போனில் அடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு நிற்பேன். தண்ணீர் கொதித்து அணைந்துவிடும். நான் போய்க் குளிப்பேன்.

போன புதன்கிழமை நடந்ததை இம்மானுவேல் உன்னிடம் ஏதோ சுருக்கிச் சொல்லியிருப்பான். அன்று நம் தெருவில் மாதப் பராமரிப்புக்குக் கரண்டு நிறுத்தும் நாள். வக்கீல் காசிராஜன் சார் விசாரணை இருக்கிறதென்று சீக்கிரம் வரச் சொன்னதால் டீ குடிக்காமலே முதல் பஸ்சைப் பிடித்துவிட்டேன், கோர்ட்டுக்குள் என்பதால் போன் சத்தத்தையும் நிறுத்தியிருந்தேன். உன் போனில் அம்மா ஆஃப்லைன் என்று வந்ததும் நீ எனக்கு அத்தனை தடவை கூப்பிட்டுவிட்டு இம்மானுவேலை அனுப்பியிருக்கிறாய். சாத்தினால் தானே பூட்டிக்கொள்கிற கதவு என்பதால் நான் உள்ளே இருக்கிறேனா இல்லையா என்று அவனுக்குத் தெரியவில்லை, பின்சுவரில் ஏறியிருக்கிறான். செல்லக்கனி மதினி பார்த்துவிட்டு, "ஏலே எவம்லே அது செவுத்து மேல?" என்று விளக்குமாற்றோடு வந்திருக்கிறார். இவன் பதற்றத்தில், "பெரியம்மா, நாந்தான் இம்மானுவேலு, அம்மா ஆஃப்லைன் ஆயிட்டாவ!" என்று கத்தியிருக்கிறான். மதினிக்குக் காதில் விழுந்தது பாதிதான். "அய்யோ, பாண்டீசு ஆஃப் ஆயிட்டாளா!" என்று அங்கேயே மாரில் அடித்துக்கொண்டார். அப்புறம் தெருவுக்கு யார் சொல்ல வேண்டும்.

விசாரணை தள்ளிப்போய் நான் மதியத்துக்கு முன்பே வந்துவிட்டேன். தெருமுனையில் திரும்பினால் நம் வீட்டு வாசலில் கூட்டம், பிளாஸ்டிக் நாற்காலிகள் இறங்கிக்கொண்டிருந்தன. போனையும் எடுத்துப் பார்க்கவில்லை, எனக்கு நடந்தது எதுவும் தெரியாதே. நம் வீட்டில் இனி யாருக்கு என்ன ஆக வேண்டும், உன் அப்பா போய் எட்டு வருடம் ஆகிறது, மிச்சம் நீ ஒருத்திதான். முனையில் இருந்த மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன் செல்வி. என் மகள் எழுந்தாளா, குடித்தாளா என்று எனக்குச் சொல்ல ஒரு பிளக்கும் இல்லையே என்றுதான் மனதில் ஓடியது. மதினிதான் முதலில் பார்த்தார். "ஏட்டி பாண்டீசு, நீ இருக்கியா!" என்று ஓடிவந்து கட்டிப்பிடித்து, உடனே முதுகில் ஓங்கி ஓர் அடியும் வைத்தார், "இருக்கவ ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவ மாட்டியா" என்று. கரண்டு வந்ததும் அத்தனை பேருக்கும் டீ போட்டேன். எதிர்வீட்டுப் பாண்டிதுரை அண்ணன் நாற்காலிக்காரரிடம், "ஏலே, ஆளு திரும்பி ஆன் ஆயிட்டா, எல்லாத்தையும் வண்டில ஏத்து" என்றார், தெருவே சிரித்தது. இம்மானுவேல் மட்டும் சிரிக்கவில்லை, முழங்கையில் சிராய்ப்போடு ஓரமாக நின்றான், நான்தான் மஞ்சள் வைத்துவிட்டேன்.

பிறகு நீ கூப்பிட்டாய். அழுதாய், திட்டினாய், போனைச் சத்தமாக வைத்தால் என்ன என்றாய், அப்புறம் அழுகை நின்று வேறு என்னென்னவோ பேசினாய், உன் மேனேஜர், அறைத்தோழி வாங்கிய சைக்கிள், மீன் வாடை என்று. ஆபீசில் வெளியே வந்து நின்று பேசுகிறேன் என்றாய். பிள்ளை அழுகிறாள் என்று எனக்கு வருத்தமாக இருந்திருக்க வேண்டும், இருந்தது, ஆனால் நீ வைத்துவிடக் கூடாதே என்பதுதான் அதைவிட அதிகமாக இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். உன் வேலை, உன் நடை, உன் தூக்கம் எல்லாம் எனக்குத் தெரியும், தினமும் அரைமணி நேரம் பேசு என்று கேட்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, இரவில் ஈரத்தலையோடு படுக்காதே, பால்கோவா கேட்காதே, வந்து சேர்வதற்குள் கெட்டுவிடும், நீ வரும்போது சேர்த்து வாங்கித் தருகிறேன். ஆண்டாள் தாயார் உன்னைக் குறையில்லாமல் காக்கட்டும், நீ நினைத்ததெல்லாம் கைகூடட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பிளக்கைக் கழற்றி நேற்று இம்மானுவேலிடம் கொடுத்துவிட்டேன், அவன் வருத்தப்படவில்லை, அவனைக் கோபிக்காதே. இனி உன் போனில் என்னைப் பற்றி எதுவும் அடிக்காது. நான் டீ குடித்தேனா இல்லையா என்று தெரிய வேண்டுமானால் நீ கேட்க வேண்டும்.

உன் அம்மா,
பாண்டீஸ்வரி
ராஜபாளையம்