மாப்பிள்ளை கொண்டு வரும் மேசை

சாய்ந்தமருது
14.08.1998
வெள்ளிக்கிழமை

அன்புள்ள செல்லத்தங்கத்துக்கு,

லண்டனில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டும் என்பது என் துஆ. இங்கே நான் சுகம்.

போன கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். நான் அனுப்பிய படத்தில் சோபாவுக்கு முன்னால் வெறுந்தரை கிடக்கிறதே, இத்தனை வருடமாக அங்கே ஏன் ஒன்றும் வைக்கவில்லை என்று. யோசித்துப் பார்த்தேன். ஒருத்தியின் தேநீர்க் கோப்பைக்குச் சோபாவின் கைப்பிடி போதும் என்று எழுதலாம். ஆனால் அது சாட்டு, காரணம் இல்லை.

ஊர்ப் புதினம் கொஞ்சம். வேளாண்மை வெட்டுத் தொடங்கிவிட்டது. தெருவெல்லாம் வைக்கோல். போன கிழமை நிந்தவூருக்குப் போகையில் பஸ்ஸிலிருந்து காரைதீவில் உங்கள் வீட்டைப் பார்த்தேன். இப்போது இருப்பவர்கள் படலைக்கு நீலம் பூசியிருக்கிறார்கள். மாமரம் அப்படியே நிற்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சிரிக்காமல் வாசி. நாற்பத்தெட்டு வயதில் எனக்குக் கல்யாணம் பேசுகிறார்கள்.

அவர் பெயர் ஷரிபுதீன். அக்கரைப்பற்றுக்காரர். வாய்க்கால்களுக்கும் மதகுகளுக்கும் படம் வரையும் வேலையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி மௌத்தாகி ஏழு வருடம். மனைவியின் வீடு மூத்த மகளுக்குப் போய்விட்டது, அதில் ஓர் அறையில் இருக்கிறார். வருடத் தொடக்கத்தில் என் புவியியல் வகுப்புக்கு வாய்க்கால்களைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வந்தார். அவர் கையால் வரைந்து கொண்டுவந்த படத்தில் வடக்கைக் காட்டும் அம்புக்குறி தெற்கைக் காட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் முன்னால் அதைச் சொல்லிவிட்டேன். வேறு யாராவது என்றால் படத்தைத் திருப்பிப் பிடித்துச் சமாளித்திருப்பார். இவர் குனிந்து பார்த்துவிட்டு, “பிழைதான் டீச்சர்” என்று சொல்லி, ஒரு பிள்ளையிடம் அழிறப்பர் வாங்கி அழித்தார். அவ்வளவுதான் நடந்தது. அதையே எட்டு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். இதை இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.

போன ஞாயிறு அவருடைய தங்கை ஜெமீலா பேச வந்தார். சீதனம் என்று ஒரு சொல் வாயில் வரவில்லை. எழும்பிப் போகும்போது மட்டும் வாசலில் நின்று, அண்ணன் சொல்லிவிட்டதைத் தயங்கிச் சொன்னார். “காக்கா ஒண்டு கேக்கச் சொன்னாரு. அவர்ட மேசையையும் கொண்டு வரலாமாண்டு.”

நம் இரண்டு ஊரிலும் வழக்கம் ஒன்றுதானே. வீடு பெண்ணுடையது, அதிலுள்ள கரண்டி வரைக்கும் பெண்ணுடையது. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து இறங்குவார். மேசையோடு வந்த மாப்பிள்ளையை நான் கேள்விப்பட்டதில்லை. பக்கத்து வளவில் இருக்கும் என் தங்கை றாஹிலாவும் கேள்விப்பட்டதில்லை. ஜெமீலா தெருமுனை திரும்புவதற்குள் தொடங்கிவிட்டாள். “ஆம்புள தளபாடத்தோட வந்து இறங்கினா ஊரு சிரிக்கும் ராத்தா. நாமதான் சீதனம் கேட்டமெண்டு கதைப்பாங்க.”

வழியையும் அவளே கண்டுபிடித்தாள். சோபாவுக்கு முன்னாலுள்ள இடத்தை நிரப்பிவிட்டால் வீட்டில் வேறு மேசைக்கு இடமிருக்காது. இடமில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிடலாம். மறுநாளே அவள் சொல்லி, மரவேலை செய்யும் ஓடாவி முகைதீன்பாவா அளவு நாடாவோடு வந்து தரையில் குந்திவிட்டார். கண்ணாடி போட்ட குட்டை மேசை, ரீப்போ ஒன்று பட்டறையில் செய்து முடிந்த நிலையில் இருக்கிறதாம், வளைந்த கால், கீழே பேப்பர் வைக்க ஒரு தட்டு. வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குள் சொன்னால் எனக்கு, இல்லாவிட்டால் இன்னொருவருக்கு. இந்தச் செய்தி பாடசாலை வரை போய், ஓர் ஆசிரியை மீன்தொட்டி வைக்கச் சொன்னார். இன்னொருவர் ஒரு பாய் போதும் என்றார். எனக்கே என் புத்தகப் பெட்டியைப் புரட்டிப் போட்டு, மேலே மருதமுனைக் கைத்தறித் துணி ஒன்றை விரித்தால் என்ன என்று தோன்றியது.

நான் எதையும் எளிதில் நம்புகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். கடைசிக் காலத்தில் சோறு சமைத்துத் தர ஆள் தேடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் சோற்றுக்கு ஆள் தேடுகிறவர் மேசைக்கு ஏன் இடம் கேட்க வேண்டும்? மகளின் வீட்டில் அவருடையது என்று இருப்பது அந்த மேசை ஒன்றுதானாம். நாம் ஒன்றாகப் படித்த பேராதனை விடுதியில் ஒருநாள் நான் சீதனக் கோபத்தில் சொன்னதும் நினைவுக்கு வந்தது. எவனாவது ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வரட்டும், அப்போது கல்யாணத்தைப் பற்றி யோசிக்கிறேன் என்றேன். நீ கட்டிலில் விழுந்து சிரித்தாய்.

இன்று அசருக்கு முன்னரே முகைதீன்பாவாவுக்கு ரீப்போ வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். றாஹிலா என்னோடு கதைக்கவில்லை.

நாளை அவரும் ஜெமீலாவும் மேசையோடு வருகிறார்கள். சோபாவை வாங்கிப் போட்ட தம்பி மசூர் கட்டாரிலிருந்து போனில் சம்மதம் சொல்லிவிட்டான். ஆனாலும் அவர்கள் வெற்றிலை வட்டாவை நீட்டும்போது வீட்டுக்கு மூத்தவர் எடுக்க வேண்டும். மூத்தவள் நான்தான். எடுத்தால் சரி என்று அர்த்தம். எடுப்பேனா என்று இந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது. பார்த்துவிட்டு முடிவெடுக்கிறேன் என்று றாஹிலாவிடம் சொன்னபோது, பகல் முழுவதும் கதைக்காதவள், மேசையையா அவரையா என்று கேட்டாள். இரண்டையும் என்றேன்.

எட்டு வருடமாக வருகிறேன், வருகிறேன் என்று எழுதுகிறாய். நான் ஒருநாளும் வா என்று எழுதியதில்லை. நாட்டு நிலைமை அப்படி. இப்போதும் பெரிதாக மாறிவிடவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். வா. அல்லாஹ் உன்னையும் பிள்ளைகளையும் காப்பாற்றட்டும்.

உன்,
மர்ஷூதா

சனிக்கிழமை, பின்னேரம்.

உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன். நடந்ததை எழுதிவிடுகிறேன்.

பத்து மணிக்கு லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் மேசை வந்தது. ஷரிபுதீன் வெள்ளைச் சாரனோடு பின்னால் நின்று அதைப் பிடித்துக்கொண்டு வந்தார். வேலியோரமெல்லாம் பெண்கள். அவர் எல்லோருக்கும் ஸலாம் சொன்னார். நாலு பேர் தூக்கி வந்து சோபாவுக்கு முன்னால் வைத்தார்கள்.

படம் வரையும் மேசை, செல்லத்தங்கம். நிமிர்ந்த கதிரை போட்டு உட்கார்ந்து வரைவதற்குச் செய்தது. சோபா மெத்தைக்குள் புதைந்திருந்த ஜெமீலாவின் நாடியில் முட்டியது அதன் விளிம்பு. முப்பது வருடம் வாய்க்கால் அளந்தவரும் இருபத்துநாலு வருடம் அளவுத்திட்டம் படிப்பித்தவளும் ஒரு மேசையின் உயரத்தைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஜெமீலா கையை மேலே தூக்கித் தேநீர்க் கோப்பையைத் தேடினார். றாஹிலா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள்.

ஷரிபுதீன் மேசையை ஒருமுறை சுற்றி வந்தார். “பிழைதான் டீச்சர். நாலு காலையும் வெட்டிரலாம். வாள் ஒண்டு இரிக்கா?” என்று கேட்டார். பகிடி இல்லை. கொடுத்திருந்தால் அப்போதே வெட்டியிருப்பார்.

“மேசையில கை வைக்காதீங்க,” என்றேன். “சோபாவ அங்கால தள்ளுங்க.”

அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துச் சோபாவைச் சுவரோடு தள்ளினோம். மேசை நடு மண்டபத்தில் நின்றது. குசினியிலிருந்து இரண்டு கதிரை வந்தது. எதிரெதிரே உட்கார்ந்தோம். ஜெமீலா வட்டாவை நடுவில் வைத்தார். நான் வெற்றிலை போடுகிறவள் இல்லை. ஆனால் எடுத்தேன், போட்டும் கொண்டேன். காரத்தில் கண்ணீர் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள், அவரைத் தவிர. அவர் தண்ணீர் எடுத்து வந்தார்.

நிக்காஹ் நோன்புக்கு முன்னர், டிசம்பர் முதல் வாரம்.

அவர்கள் போன பிறகு மூன்றாவது கதிரை ஒன்றையும் கொண்டுவந்து மேசையருகே போட்டேன். யாருக்கு என்று உனக்குத் தெரியும். றாஹிலா அதில் கிடந்த தூசியைத் துடைத்துவிட்டுப் போனாள்.