பத்து மணிக்குள் அரை ஈரத் துணி

மார்ச் 3, திங்கள்

லிஃப்ட் பக்கத்தில் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். மாலை ஆறிலிருந்து பத்து வரை எந்த வீட்டில் எவ்வளவு கரண்ட் ஓடியது என்று, குறைவில் தொடங்கி அதிகம் வரை. இருபத்து நான்கு வீடுகளில் கடைசி எங்கள் வீடு, சிவப்பு மையில். இனி அந்த நேரத்துக்கு இரட்டிப்பு விலை. கட்டடம் மொத்தமாக எல்லை தாண்டினால் எல்லோருக்கும் ஏறுமாம். நான் இஸ்திரி போடுகிறவள். வேலை முடிந்து வந்துதான் துணியைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். பெட்டியை வேறு எப்போது சூடாக்குவது?

மார்ச் 5

கட்டடச் செயலாளர் வாசலில் நின்றபடியே சொன்னார். "இந்தாம்மா, உன் ஒரு வீட்டால எல்லாருக்கும் கெட்ட பேரு. அடுத்த பட்டியல்லயும் கடைசின்னா இஸ்திரிய நிறுத்திடு." பதினொரு வருடமாக அவர் சட்டைக் காலரை நிமிர்த்தி வைத்தவள் நான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அழவில்லை.

அழுதேன், கொஞ்சம்.

மார்ச் 6

"விடு, வேற வேலை பாத்துக்கலாம்" என்கிறார் என் வீட்டுக்காரர். எனக்கெதுக்கு வேற வேலை? இந்தக் கை சும்மா இருக்குமா?

மார்ச் 9, ஞாயிறு

கதவில் அட்டை மாட்டிவிட்டேன். காலையில் துவைத்த துணி, அரை ஈரமாக, பத்து மணிக்குள். மாலை ஐந்துக்கு மேல் பெட்டி சூடாகாது.

அரை ஈரத்தில் தேய்த்தால்தான் மடிப்பு நிற்கும். இத்தனை நாள் காய்ந்த துணியில் தண்ணீர் தெளித்துத் தெளித்தே என் தோள் போச்சு.

மார்ச் 12

நாலே வீடு. தலையில் துண்டுதானா?

மார்ச் 17

மூன்றாம் மாடி டீச்சர் சிரித்துக்கொண்டே வந்தார். "எங்க வீட்டுக்காரர் சட்டையப் பாத்துட்டு லிஃப்ட்ல எல்லாரும் எங்க தேச்சீங்கன்னு கேக்கறாங்க. வாட்ச்மேன் கூடக் கேட்டுட்டார்."

மார்ச் 25

பதினேழு வீடு! அதிகாலையில் மாடிக்கு மாடி வாஷிங் மெஷின் உருளுகிற சத்தம்.

ஏப்ரல் 2, புதன்

புதுப் பட்டியல். முதல் வீடு எங்களுடையது. தெருவிலேயே குறைவு எங்கள் கட்டடம். மின்வாரியத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். "விலைய ஏத்தியும் மத்த கட்டடத்துல இவ்வளவு குறையல. இங்க மட்டும் மெஷினெல்லாம் எப்படிக் காலைக்கு மாறிச்சு?"

"எல்லாம் விழிப்புணர்வு மேடம்" என்றார் செயலாளர்.

டீச்சர் விடவில்லை. "அதெல்லாம் இல்லங்க. கீழ் வீட்டு அக்கா பத்து மணிக்கு மேல துணி வாங்க மாட்டாங்க. அவ்வளவுதான்."

அந்த அம்மா என் பக்கம் திரும்பிக் கைகொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எழுதினால் என்ன, என் நோட்டுதானே.

ஏப்ரல் 4

காலை பத்து ஐந்துக்குக் கதவைத் தட்டும் சத்தம். செயலாளர், கையில் வாளி நிறைய ஈரச் சட்டை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"இன்னிக்கு மட்டும் பாத்துக்கங்க அக்கா. நாளைலேருந்து சரியா வந்துடறேன்."

பதினொரு வருடத்தில் அவர் வாயிலிருந்து அக்கா வந்தது இன்றுதான். வாளியை வாங்கி வைத்துவிட்டு, கோணலாகத் தொங்கிய அட்டையை அவர் முன்னாலேயே நேராக்கினேன்.