இரண்டாம் ஓலைக்கு முன்

நாகர்கோவில்,
புதன்கிழமை

அன்பு மகள் பிரீனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன்னை நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் சொல்வாய், அதனால் அதைக் கேட்காமல் உன் இடது காது எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன். குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று இனிமேல் என்னிடம் சொல்லாதே. வழுக்கி விழுகிறவளுக்கு முட்டில் அடிபடும், இடுப்பில் அடிபடும், காதுக்குள்ளிருந்து ரத்தம் வராது. வெளிநாட்டில் உன்னோடு ஒரே வீட்டில் தங்கிப் படிக்கிற அஞ்சு தன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அந்தப் பிள்ளையிடம் கோபித்துக்கொள்ளாதே, அவள் சொல்லாமல் இருந்திருந்தால் நான் இன்னும் உனக்கு வழுக்காத செருப்பு வாங்கி அனுப்ப ஆள் தேடிக்கொண்டிருப்பேன். இந்தக் கடிதத்தையும் அஞ்சுவின் அம்மா மீனாட்சியம்மாள் வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மீன் வாசனையே ஏறாத வீடு, நான் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் பேனாவைத் தொட்டேன். எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து அஞ்சுவுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கஞ்சித் தண்ணீரை டம்ளரில் ஆற்றி ஆற்றித் தருகிறார்கள். போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று நீ யோசிப்பாய், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அஞ்சு சொன்னதை எழுதுகிறேன், தப்பாக இருந்தால் திருத்து. உங்கள் ஐந்து பேர் குரூப்புக்கு நார்வே நாட்டு மீன் கம்பெனி ஒன்று ஏன் நஷ்டத்தில் விழுந்தது என்று ஆராயச் சொல்லி வாத்தியார் கொடுத்திருந்தார். உங்களோடு அதே வீட்டில் இருக்கிற நம் பக்கத்து ஊர்ப் பையன் பெர்லின் தன் பங்குப் பக்கங்களை வேறு எவனோ எழுதியதிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறான். வாத்தியார் கண்டுபிடித்து இது யார் எழுதியது என்று கேட்டபோது நீ உள்ளதைச் சொன்னாய். அன்று சாயங்காலம் நீ அடுப்பில் பருப்பு வைத்துக்கொண்டு நின்றபோது அவன் பின்னால் வந்து, 'ஊர்க்காரிண்ணு நம்பினேன், என்னைக் காட்டிக்கொடுத்திட்டியேட்டி' என்று சொல்லிக் கையை விரித்துக் காதைச் சேர்த்து அடித்தான். நீ ஃப்ரிட்ஜில் தலை மோதிக் கீழே விழுந்தாய். அஞ்சு ஓடி வந்து பார்த்தபோது அவன் அந்தப் பருப்பையே தட்டில் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தானாம். இதைக் கேட்டதிலிருந்து எனக்கு அந்தத் தட்டுதான் கண்ணில் நிற்கிறது. அவன் கையை அம்மியில் வைத்து நசுக்க வேண்டும் என்று தோன்றியது, இன்றும் தோன்றுகிறது, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட இதை நான் சொல்லப்போவதில்லை.

மறுநாள் காலையில் நீ பழைய துணிக் கடையில் வாங்கிய அந்தக் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, அவன் பக்கத்திலேயே நின்று பிரசன்டேஷன் செய்தாயாமே. மார்க்கு போய்விடுமாம், பிளேஸ்மென்ட் வருகிற நேரமாம், போலீஸ் என்று போனால் விசாவில் கறை விழுமாம். நீ பேக்கரியில் நின்று ரொட்டி அடுக்கி, மழையில் பஸ்ஸுக்கு ஓடி, இருபது நாட்டுப் பிள்ளைகளோடு இங்கிலீஷில் மல்லுக்கட்டிப் படிக்கிறதை நான் மணவாளக்குறிச்சிச் சந்தை முழுக்கச் சொல்லித் திரிந்தவள். நீ போன புதிதில் நெத்தலிக் கருவாடு வறுத்து, புகை மணி அடித்து, கட்டிடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் போர்வையோடு ரோட்டில் வந்து நின்ற கதையைச் சொல்லிச் சொல்லி என் பக்கத்தில் கூடை வைக்கிறவளுக்கே மனப்பாடம். ஒரு வாணலிப் புகைக்கு அத்தனை பேரையும் எழுப்பிய ஊரில் ஒருவன் உன் காதை உடைத்தான், உனக்கு ஒரு மணியும் அடிக்கவில்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை பிரீனா மக்களே.

இனி இங்கே நடந்ததைக் கேள். பெர்லினின் ஊரும் நம் ஊரும் ஒரே கடற்கரை, நடுவில் ஒரு கல் தடுப்புதான் என்பது உனக்கே தெரியும். உன் அண்ணன் ஆன்றோ விஷயம் தெரிந்த அன்றே கூட்டாளிகளோடு தடுப்பைத் தாண்டிப் போனான். பெர்லினின் அண்ணன் ஸ்மைலின் வலை உதறிக்கொண்டு நின்றிருக்கிறான். அவனுக்கு உன்னைத் தெரியாது, நடந்ததும் தெரியாது. துடுப்பால் தோளில் ஒரு அடி, காறை எலும்பு இரண்டு துண்டு. மறுநாள் காலையில் கரையில் மீன் ஏலம் நடக்கும்போது அவன் ஊர்க்காரர்கள் வந்தார்கள். கல் வந்தது, பின்னால் பெட்ரோல் ஊற்றிய பாட்டில் வந்தது. அப்பாவின் வள்ளம் வலையோடு எரிந்தது, நைலான் எரிகிற புகையில் ஆளுக்கு ஆள் முகம் தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பெமிலாவின் மாப்பிள்ளை சண்டைக்கே போகாதவன், மீன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியவன், அவனுக்குக் கல் பட்டு ஒரு கண் போய்விட்டது. ஒருவன் என் தலைமுடியைப் பிடித்தான். நான் மீன் சுமக்கிற அலுமினியச் சருவத்தால் அவன் மூக்கில் அடித்தேன், சருவமே நெளிந்துவிட்டது. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. போலீஸ் வந்தது, ஆண்கள் எல்லாம் ஓடினார்கள், ஆன்றோ மேல் கொலை முயற்சி வழக்கு, எங்கள் கரையிலிருந்து ஒரு வாரம் ஒரு வள்ளமும் கடலில் இறங்கவில்லை. இவ்வளவும் உன் மானத்துக்காக என்றார்கள். ஆனால் இவ்வளவு நாளில் இரண்டு ஊரிலும் ஒருவர்கூட என்னிடம் வந்து, பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று கேட்கவில்லை.

பிறகு சமாதானம் பேசினார்கள். கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜ் ஹாலில் இரண்டு ஊர்க் கமிட்டியும் உட்கார்ந்து, பிரியாணி சாப்பிட்டு எடுத்த முடிவு என்ன தெரியுமா, பெர்லினுக்கும் உனக்கும் கல்யாணம். சம்பந்தமாகிவிட்டால் இரண்டு பக்கமும் வழக்கை வாபஸ் வாங்கலாம், கடலுக்குப் போகலாம். உன் அப்பா ஞானதாசன் வீட்டுக்கு வந்து ஏதோ பெரிய மீன் பிடித்தவர்போல் சொன்னார். நான் கத்தினேன். 'பிள்ளையில ஒண்ணு ஜெயிலுக்குப் போவுது, ஒண்ணு கல்யாணத்துக்குப் போவுது, எது நல்லதுண்ணு நீயே சொல்லு பேபி' என்றார். அதற்குள் அவர் உன்னைக் கூப்பிட்டிருக்கிறார். நீ வகுப்புக்குப் போகிற பஸ்ஸில் இருந்தாயாம், இனி ஆள் சாகும், அண்ணன் உள்ளே போவான் என்றதும் அழுதுகொண்டு, 'உங்களுக்கு எது நல்லதோ செய்யுங்கப்பா' என்று சொல்லிவிட்டாயாம். அதைச் சம்மதம் என்று அப்பா எழுதிக் கோயிலில் கொடுத்துவிட்டார். உன்னை நான் குறை சொல்லவில்லை. அடிபட்ட காதிலேயே போனை வைத்துக்கொண்டு நீ எப்படி அதைக் கேட்டாயோ என்றுதான் நினைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசையில் உங்கள் கல்யாண அறிவிப்பை, முதல் ஓலையை, வாசித்தார்கள். மூன்று ஞாயிறு வாசித்தால் கல்யாணம் உறுதி, நீங்கள் கிறிஸ்துமஸ் லீவுக்கு வரும்போது தாலி. சாமியார் உன் பெயரையும் அவன் பெயரையும் வாசித்து, இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று வழக்கம்போல் சொன்னார். நான் பிறந்ததிலிருந்து எத்தனையோ ஓலை கேட்டிருக்கிறேன், அந்த இடத்தில் ஒருவர் எழுந்து நான் பார்த்ததில்லை, எல்லோரும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுகிற நேரம் அது. நான் எழுந்தேன். 'எனக்குத் தடை தெரியும் சாமி. நான் பொண்ணுக்கு அம்மை. அவன் என் மகளுக்க காதை அடிச்சு உடைச்சவன். அவ பயந்து சொன்னது சம்மதம் இல்ல' என்றேன். சாமியார் புத்தகத்தை மூடினார். பூசை முடிந்து என்னை அறைக்குள் கூப்பிட்டு, 'நீங்க சொன்னது போதாதும்மா, அந்தப் பெண் வாயால நான் கேட்கணும். அவ வேண்டாம்னு சொன்னா இரண்டாம் ஓலையை நான் வாசிக்க மாட்டேன், கமிட்டி என்ன செய்தாலும் சரி' என்றார். நல்ல மனுஷன், ஆனால் பயந்துதான் இருக்கிறார், சண்டையின்போது அவருடைய ஜன்னலிலும் கல் விழுந்தது.

ஆகவே வருகிற சனிக்கிழமை உனக்கு மத்தியானமாக இருக்கும்போது சாமியார் வீடியோவில் கூப்பிடுவார். உன் அப்பா இருப்பார், அண்ணன் இருப்பான், இரண்டு ஊர்க் கமிட்டியும் இருப்பார்கள். எல்லோரும் உன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீ வேண்டாம் என்று சொன்னால் மறுபடியும் கல் பறக்கலாம், ஆன்றோ ஜெயிலுக்குப் போகலாம். மறைக்காமல் சொல்கிறேன், போகலாம். போகட்டும். துடுப்பைத் தூக்கியது அவன் கை, அதற்கு நீ கழுத்தை நீட்ட வேண்டாம். நான் பெற்றவன்தானே, ஜெயிலுக்குச் சோறு கொண்டுபோவது என் பாடு. சனிக்கிழமைக்கு முன்னால் நீ செய்ய வேண்டியது இன்னொன்று. உங்கள் கல்லூரியில் இந்த மாதிரி விஷயத்துக்கென்றே ஒரு ஆபீஸ் இருக்கிறது என்று அஞ்சு சொல்கிறாள். அவளைக் கூட்டிக்கொண்டு போ, டாக்டர் எழுதிக் கொடுத்ததையும் எடுத்துக்கொள். அந்த வீட்டை விட்டு மாறு. அவன் இருக்கிற குரூப்பில் இனி உட்காராதே. அவனை நாட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், பாவம் என்று நீ அஞ்சுவிடம் சொன்னாயாம். பருப்புத் தட்டை நினைத்துக்கொள், பாவம் போய்விடும்.

இனி நான் ஏன் போனில் பேசவில்லை என்பது. அன்று சாமியார் அறையிலிருந்து வெளியே வந்தபோது கோயில் முற்றத்தில் ஆன்றோ நின்றான். வழக்கு வாபஸ் ஆகப்போகிறது என்று அப்போதுதான் ஒளிந்த இடத்திலிருந்து வந்திருந்தான், கல்யாணத்துக்குப் புதுச் சட்டைகூட எடுத்துவிட்டான். 'என்னைக் கொல்லுகதுக்கா பெத்த?' என்று கேட்டுக்கொண்டே அடித்தான். ஒரே அடி. தங்கையை ஒருவன் கை நீட்டி அடித்தான் என்று துடுப்பெடுத்துப் போனவன். அப்பா பக்கத்தில் நின்று, 'லேய் விடு' என்று மட்டும் சொன்னார், பிடிக்கவில்லை. தாடை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் பல்லோடு பல் சேர்த்துக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், ஒன்றரை மாதம் வாய் திறக்க முடியாது. படியிலிருந்து விழுந்தேன் என்று எழுதித் தரச் சொன்னார் அப்பா. நான் பேனாவை வாங்கி, மகன் அடித்தான் என்று எழுதிக் கொடுத்தேன். டாக்டர் அதைப் படித்துவிட்டுப் போலீசுக்கு அனுப்பினார். ஆன்றோ மூன்று நாளாக என் முன்னால் வருவதில்லை.

சனிக்கிழமை நானும் சாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், அவரே வரச் சொன்னார். என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, வீக்கம் அதற்குள் பாதி வடிந்துவிடும். காதில் தேங்காய் எண்ணெய் விடாதே, தலைக்குக் குளித்தால் பஞ்சு வை, ராத்திரி வலது பக்கம் திரும்பிப் படு. கடல் மாதா உனக்குத் துணை இருக்கட்டும், உன் படிப்பு கரை சேரட்டும், உன் மேல் இனி ஒரு கையும் படாமல் இருக்கட்டும். முதல் ஓலைக்கு நான் சொல்லிவிட்டேன் மக்களே, இரண்டாம் ஓலைக்கு எனக்கு வாய் இல்லை. சாமியார் கேட்கும்போது அப்பாவைப் பார்க்காதே, அண்ணனைப் பார்க்காதே, என்னைப் பார்த்துக்கொண்டு நீ சொல்.

வாய் கட்டிய உன் அம்மா,
பேபி ஞானதாசன்