இரண்டாம் புகை குறித்து மணவூர் அதிகாரிக்கு

நலம் நிலைக்க. மழை பிழையாத ஏழ்கரை நாட்டின் பேரரசி நீலவேணியார் திருவாய் மலர்ந்தபடி, பேரமைச்சர் அதளையூர் கிழார் விடுக்கும் ஓலை. மணவூரில் வறியோர் ஏட்டைக் கண்ணெனக் காத்து, அதில் ஒருவர் பெயரும் விழாமல் பார்த்துக்கொள்ளும் அதிகாரி பூதிநாயகருக்கு வாழ்த்து.

வறியோர்க்கு விலையின்றி மருத்துவம் செய்ய அரசியார் எடுப்பித்த ஆதுலர்சாலையில் கட்டில்கள் அனைத்தும் காலியாக இருப்பதாகவும், மண்டலத்தில் நோயே இல்லை என்பதற்கு அதுவே சான்று என்றும் தாங்கள் எழுதியது கண்டு அவை மகிழ்ந்தது. மணவூர் உப்பளத்துக் கொற்றி மூன்று நாள் நடந்து வந்து அரண்மனை வாயிலில் நிற்கும்வரை அம்மகிழ்ச்சி நீடித்தது.

அவள் கணவன் பூதனின் காலை உப்புப்பாளம் வெட்டியது. புண் பழுத்தது. ஏட்டில் பெயரிருந்தாலன்றிச் சாலைக் கதவு திறவாது என்பதால், கொற்றி தங்களிடம் பெயர் கொடுத்தாள். நாளுக்கு ஒருமுறைக்கு மேல் அடுப்புப் புகை எழாத வீடே வறிய வீடு என்பது தாங்கள் வகுத்த விதி. பனையேறிப் பார்த்த தங்கள் ஆள், அவ்வீட்டில் காலையும் மாலையும் புகை கண்டு, இருவேளை உண்ணும் செல்வர் என்று எழுதினான். காலைப் புகை கஞ்சிக்கு; மாலைப் புகை, புண் கழுவ நொச்சியிலை வெந்நீருக்கு. இதைக் கொற்றி விளக்கியபோது, புண் ஆறினால் இரண்டாம் புகை தானே நின்றுவிடும், ஆறியபின் வருக என்று தாங்கள் கனிவோடு அருளினீர்களாம்.

மறுநாள் முதல் அவள் பச்சைத் தண்ணீரில் கழுவினாள். புகை எழவில்லை, காய்ச்சல் எழுந்தது. மீண்டும் வந்தவளிடம், ஒற்றைப் புகையை முப்பது நாள் காண வேண்டும் என்றீர்கள். கணுக்காலில் இருந்த வீக்கம் நான்கே நாளில் முழங்காலுக்கு ஏறியதைப் பார்த்தவள் அவள். முப்பது நாளில் அது எங்கே போய் நிற்கும் என்று அவளுக்கு எவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அண்டை வீட்டாரிடம் பூதனை விட்டுவிட்டு நடந்தாள்.

அவையில் அவள் அழவில்லை. “அவரை எந்த ஏட்டுல வேணும்னாலும் எழுதிக்கோங்க, தாயே. செத்தவங்க ஏட்டுல மட்டும் எழுதிடாதீங்க,” என்றாள்.

பின்னர், தாங்கள் முன்பே அனுப்பியிருந்த ஏட்டுப் படியை எடுத்துப் பார்த்தோம். விதிக்கு முழுதும் பொருந்தியவர் ஒருவரே. அவர் வீட்டில் ஒரு புகையும் எழவில்லை. காரணம், தங்கள் ஆள் பனையிலிருந்து இறங்கிச் சென்று பார்த்தபோது அவர் இறந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

ஆகவே அரசாணை: சாலைக் கதவு இன்றே திறக்கப்படுக. முதலில் மருந்து, பின்னரே எழுத்து.

கொற்றி விருந்தும் ஏற்காமல், அரண்மனை மருத்துவரோடு குதிரை வண்டியில் ஏறிவிட்டாள். இவ்வோலையைக் கொடுத்துவிட்டுத் தங்கள் முன் நிற்பவள் அவளே. பூதன் பிழைத்தால் தங்கள் பதவியும் பிழைக்கும். ஆதலால், இவ்வோலையின் அடியில் உள்ள அரசியாரின் நாரை இலச்சினையைச் சாலைக் கதவு திறக்க ஓடியபடியே பார்த்துக்கொள்க.